கதைக்களச் செயற்றிட்டங்களுக்கான மதிப்பீட்டுக் கோவை: ஒரு தவணை பயன்படுத்திய பின்

கொழும்பில் தரம் 10 மாணவர்களுக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் கற்பிக்கும் எனக்கு, கடந்த தவணையில் 38 செயற்றிட்டங்கள் திருத்தக் கிடைத்தன. தமக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்தைக் களமாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதி, அந்தக் களம் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதை வரைபடத்தாலும் குறிப்பாலும் விளக்க வேண்டும் என்பதே மாணவர்களுக்குக் கொடுத்த ஒப்படை. இத்தகைய ஒப்படைகளுக்குப் புள்ளியிடுவது கட்டுரைக்கோ இலக்கண வினாவுக்கோ புள்ளியிடுவது போன்றதன்று. பிறிஸ்டல் அட்டையில் மினுமினுப்புத் தாள் ஒட்டி வந்த வேலைக்கு நம்மை அறியாமலே கை தாராளமாகிறது. கசங்கிய தாளில் வந்த நல்ல சிந்தனைக்கு அதே கை இறுகுகிறது. முந்தைய ஆண்டுகளில் எனக்கு இது நேர்ந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்ததனால்தான், வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள ஒரு புத்தகக் கடையில் செயற்றிட்டங்களுக்குப் புள்ளியிட உதவும் இந்த மதிப்பீட்டுக் கோவையைக் கண்டதும் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

உள்ளே 48 பக்க ஆசிரியர் கையேடு ஒன்று, கிழித்தெடுக்கக்கூடிய 50 மதிப்பீட்டுத் தாள்கள், நான்கு தரநிலைகளை விளக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை ஒன்று ஆகியவை இருக்கின்றன. மதிப்பீட்டுத் தாள் நூறு புள்ளிகளை ஆறு பகுதிகளாகப் பிரிக்கிறது (தாளிலுள்ள வரிசையில் அன்று): இடத்துக்கு 20, காலத்துக்கு 10, களத்துக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவுக்கு 20, கதையை வேறிடத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லும் இடமாற்றக் கேள்விக்கு 15, மொழிக்கு 15, தோற்றத்துக்கும் ஒழுங்குக்கும் 20. மொத்தப் புள்ளியைச் சாதாரண தரப் பரீட்சையின் ஏ, பி, சி, எஸ் சித்தி எல்லைகளான 75, 65, 50, 35 ஆகியவற்றோடு பொருத்திக் காட்டும் அட்டவணையும் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது. பெற்றோர் சந்திப்பு நாளில் இந்த அட்டவணை பெரிதும் உதவியது. ‘இந்தப் புள்ளி என்றால் என்ன சித்தி’ என்ற கேள்விக்கு அட்டையைத் திருப்பிக் காட்டினாலே போதுமாக இருந்தது.

ஒரு மதிப்பீட்டுக் கருவியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, இருவர் தனித்தனியே பயன்படுத்தினால் ஏறத்தாழ ஒரே புள்ளி வருகிறதா என்பதுதான். 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, அதற்கு 64 முதல் 98 வரை புள்ளிகள் வந்தன. எழுத்துத் தேர்வு விடைக்கே அப்படியென்றால், படமும் வரைபடமும் கதையும் சேர்ந்து வரும் செயற்றிட்டத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வேறொரு பாடசாலையில் கற்பிக்கும் என் தோழியின் வீட்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இருவரும் அமர்ந்து, ஐந்து செயற்றிட்டங்களை முதலில் கோவை இல்லாமலும், இரண்டு கிழமை கழித்து மறுபடி கோவையோடும் ஒருவர் தாளை ஒருவர் பாராமல் திருத்தினோம். முதல் முறை, ஒரே செயற்றிட்டத்துக்கு நான் 78 இட்டிருந்தேன்; அவர் 59 இட்டிருந்தார். “அக்கா, நீங்கள் படத்தைப் பார்த்தீங்கள், நான் கதையைப் பார்த்தனான்” என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. இரண்டாம் முறை அதே வேலைக்கு எங்கள் புள்ளிகள் 71, 68. மற்ற நான்கிலும் இடைவெளி ஐந்தைத் தாண்டவில்லை. ஐந்து செயற்றிட்டங்களை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர முடியாது என்றாலும், எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வேற்றுமை எந்தப் பகுதியில் தொடங்குகிறது என்பதை இந்தத் தாள் பகுதி பகுதியாகக் காட்டிவிட்டது. அதற்கே கொடுத்த பணம் தகும் என்று அன்று மாலையே எண்ணினேன்.

கோவையின் உயிர் இடமாற்றக் கேள்வியில் இருக்கிறது. ‘இக்கதையை முற்றிலும் வேறான ஓர் இடத்துக்குக் கொண்டுசென்றால் எது உடையும், எது உடையாது?’ என்ற ஒரே கேள்விக்கு மாணவர் அரைப்பக்கத்தில் விடை எழுத வேண்டும். கதைக்களம் என்றால் கதையின் பின்னால் தொங்கும் திரைச்சீலை என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் எண்ணுகிறார்கள். கடலை வருணித்தால் கடல் களமாகிவிட்டது, மலையை வருணித்தால் மலை களமாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கேள்வி அந்தக் கணக்கை ஒரு நொடியில் கலைத்துவிடுகிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முதலில் வைத்து, அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்று அதனோடு பிணைத்ததை நாம் ஐந்திணைப் பாடத்தில் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். நெய்தலுக்கு இரங்கல், முல்லைக்கு இருத்தல் என்று பட்டியலாகக் கற்பிக்கும்போது, இடம் மாறினால் ஒழுக்கமும் மாறும் என்ற அதன் உள்ளுணர்வு மாணவருக்குப் போய்ச் சேர்வதில்லை. இந்த அரைப்பக்கக் கேள்வி அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இரண்டு செயற்றிட்டங்களை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, தேயிலைத் தோட்டம் ஒன்றைக் களமாகக் கொண்டது. பிறிஸ்டல் அட்டையில் பச்சை நிறப் படிக்கட்டுகளாக மலைச்சரிவு, அதன் மேல் பஞ்சால் செய்த மூடுபனி, உலர்த்தி ஒட்டிய உண்மையான தேயிலை இலைகள் என்று வகுப்பே வந்து பார்த்துவிட்டுப் போன வேலை அது. கதையில், பரிசு ஒன்றுக்காக இரண்டு நண்பர்கள் சண்டையிட்டுப் பின் சேர்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனால் என்ன மாறும் என்ற கேள்விக்கு அந்த மாணவர், “எதுவும் மாறாது, பஞ்சை மட்டும் எடுக்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். நேர்மையாகத் தன் கதையைப் பரிசோதித்ததற்காக அந்தப் பகுதியில் 4 புள்ளி இட்டேன். பின்னர் அவரை அழைத்துக் கேட்டபோது, அந்த வரியை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தன் கதை தோட்டத்துக்குள் நடக்கவே இல்லை என்று தெரிந்ததாகச் சொன்னார். ஒரு மதிப்பீட்டுத் தாள் புள்ளி இடுவதற்கு முன்பே கற்பித்துவிட்ட தருணம் அது.

இரண்டாவது, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வந்தது. மரைன் டிரைவில் உள்ள அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடி பல்கனியில் பொழுது சாயும் நேரத்தில் ஒரு தாயும் மகளும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தை இனித் திரும்பி வரமாட்டார் என்ற செய்தியைத் தாய் சொல்லத் தொடங்குகிறார், சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் கரையோர ரயில் அப்போது கடக்கிறது, பேச்சு நிற்கிறது. ரயில் போனபின் தாய் வேறு எதையோ பேசுகிறார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ரயில் வரவில்லை, ஆனாலும் தாயின் வாய் பழக்கத்தால் நின்றுவிடுகிறது. கதையின் படியை மறுபடி எழுதி, பேச்சு அறுபடும் ஒவ்வோர் இடத்திலும் சிவப்புப் பென்சிலால் தண்டவாளம் போல இரட்டைக் கோடு போட்டிருந்தார் அந்த மாணவி. அதுதான் அவருடைய வரைபடம். வேறு படமே இல்லை. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் என்ன உடையும் என்ற கேள்விக்கு, “அம்மா முதல் பக்கத்திலேயே சொல்லி முடித்துவிடுவார், எனக்குக் கதை இருக்காது” என்று எழுதியிருந்தார். வகுப்பில் நான் காரணம் கேட்டபோது, “ரீச்சர், இந்தக் கதையை வேற எங்கயும் கொண்டுபோக ஏலாது, அங்க ஒருத்தரும் பேச்சை நிப்பாட்ட மாட்டினம்” என்றார். கடலோரம், சாயும் பொழுது, இரங்கல்: நெய்தலைப் பாடமாக நினையாமலே அதற்குள் போய் நின்றிருந்த அந்தக் கதையை நான் மூன்று முறை வாசித்தேன்.

இப்போது கோவையின் குறைக்கு வருகிறேன், அது சிறிய குறையன்று. கோவையின் புள்ளிப் பங்கீட்டின்படி நாட்காட்டித் தாளுக்கு இடத்தில் 16, காலத்தில் 8, பாத்திர உறவில் 18, இடமாற்றத்தில் முழுமையாக 15, மொழியில் 11, தோற்றத்தில் 6 என்று மொத்தம் 74 வந்தது. ஏ சித்தியின் எல்லைக்கு ஒரு புள்ளி குறைவு. பஞ்சு மூடுபனிக்கு 17, 6, 9, 4, 12, 20 என்று 68 வந்தது. அதாவது, களத்தைப் பற்றிய செயற்றிட்டத்தில் களத்தையே கதையாக்கிய வேலைக்கும், களம் இல்லாத வேலைக்கும் ஆறே புள்ளி வேற்றுமை. இரண்டும் ஒரே பி. தோற்றத்துக்கும் ஒழுங்குக்கும் 20 ஒதுக்கிவிட்டு இடமாற்றக் கேள்விக்கு 15 ஒதுக்கியது இதன் காரணம். பிறிஸ்டல் அட்டை, பசை, நிறத்தாள் எல்லாவற்றுக்கும் இன்று காசு வேண்டும் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தோற்றத்துக்கு அதிகப் புள்ளி இடும் தாள் வீட்டு வருமானத்துக்கும் சிறிது புள்ளி இடுகிறது.

அது மட்டுமன்று. ஒரு வேலையின் ஒரு நல்ல பண்பு அதன் மற்றப் பண்புகள் மீதும் ஒளி பாய்ச்சிவிடும் என்பதை எட்வர்ட் தோர்ண்டைக் 1920இல் எழுதிய கட்டுரையில், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களை மதிப்பிட்ட விதத்தைக் கொண்டு விளக்கினார். தோற்றப் பகுதியைத் தாளின் மேற்பகுதியில், முதல் பெட்டியாக வைத்திருப்பதால் கோவை இந்தத் தவறுக்குத் தானே கதவு திறந்துவிடுகிறது. முதலில் 20 இட்ட கை அடுத்த பெட்டியில் 9 இடத் தயங்குகிறது என்பதை நான் என் விரல்களிலேயே உணர்ந்தேன். ஆகவே பத்தாவது செயற்றிட்டத்திலிருந்து தாளைத் தலைகீழாகப் பிடித்துக் கீழிருந்து மேலாகத் திருத்தினேன். தோற்றத்தை இறுதியில் இட்டேன். முன்னே திருத்திய ஒன்பதையும் மறுபடி அவ்வாறே திருத்த வேண்டியிருந்தது.

74ஐ 75 ஆக்க மனம் இருந்தது. ஆனால் புள்ளிப் பங்கீட்டை ஒப்படை கொடுத்த நாளிலேயே கரும்பலகையில் எழுதியிருந்தேன்; அதைப் பார்த்துத்தான் ஒரு மாணவர் பஞ்சு வாங்கினார். விளையாட்டு முடிந்தபின் எல்லைக்கோட்டை நகர்த்தக் கூடாது என்பதால் நகர்த்தவில்லை. அந்த மாணவியிடம் தாளைக் கொடுத்தபோது, எந்தப் பகுதியில் முழுப் புள்ளி பெற்றார் என்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். இந்தத் தவணைக்குத் தோற்றத்தை 10 ஆகக் குறைத்து, இடமாற்றக் கேள்வியை 25 ஆக உயர்த்தியிருக்கிறேன். அந்தப் பங்கீட்டில் கணக்கிட்டுப் பார்த்தால் நாட்காட்டித் தாளுக்கு 81உம் மூடுபனிக்கு 61உம் வருகின்றன. அது எனக்கு நியாயமாகப் படுகிறது. கோவையை வாங்குவோர் முதல் நாளிலேயே இந்த மாற்றத்தைச் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

காலப் பகுதி கோவையில் மிக மெலிந்தது. பொழுதுக்கு 5, பருவத்துக்கு 5 என்பதோடு முடிந்துவிடுகிறது. பொழுதுக்கு நான்கு பெட்டிகள்: காலை, பகல், மாலை, இரவு. கதை ஒரே பொழுதில் நிலைத்தால் 5, ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் அடையாளமிட்டால் 2 என்கிறது கையேடு. எந்த ஆண்டு, எந்தக் காலகட்டம் என்று கேட்கவே இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நம் மாணவர்கள் சிறுபிள்ளைகளாக வாழ்ந்து கடந்திருக்கிறார்கள். எரிபொருள் வரிசையில் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நினைவு அவர்களிடம் இருக்கிறது. என் மாணவர் ஒருவர் அந்த நாட்களைக் களமாக்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே புத்தகத்தை மாறி மாறி வாசிக்கும் கதையை எழுதினார். நான்கு பெட்டிகளையும் நேர்கோடு கிழித்து அடித்துவிட்டு, பக்கத்து ஓரத்தில் ‘மின்சாரம் இல்லாத நேரம்’ என்று எழுதியிருந்தார். அதைவிடச் சரியாக அந்தக் கதையின் பொழுதைச் சொல்ல முடியாது. கையேட்டின்படி அதற்கு 2 புள்ளி. விதிக்குக் கட்டுப்பட்டு 74ஐத் தொடாமல் விட்ட நான் இங்கே 5 இட்டேன். இங்கே மாணவர் விதியை மீறவில்லை, பெட்டிகள்தான் அவருடைய பொழுதுக்கு இடம் கொடுக்கவில்லை என்பது என் முடிவு. பகுதித் தலைவரிடமும் அதைச் சொல்லி ஒப்புதல் பெற்றேன்.

இடப் பகுதியின் 20 புள்ளிகளில் 5, ‘மண்வாசனை’ என்ற உட்பகுதிக்குரியது. ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் தேசிய இலக்கியம் பற்றிய விவாதங்கள் நம் நாட்டில் நடந்தபோது, கைலாசபதி முதலிய விமர்சகர்களின் காலத்தில் வலுவாகப் புழங்கிய சொல் அது. தமிழகத்து நகல்களை விட்டு இந்நாட்டு மக்களின் வாழ்வை எழுதுங்கள் என்ற அழைப்பு அதற்குள் இருந்தது. கோவையிலோ அதற்குக் கொடுத்த மூன்று மாதிரிகளும் வயல், பனங்கூடல், கிணற்றடி. கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, தன் தெருவுக்கு வாசனை இல்லை என்று முடிவு செய்கிறது. என் வகுப்பில் பதினொரு பேர் தாங்கள் ஒருமுறைகூடப் போகாத கிராமத்தைக் களமாக்கியதற்கு இந்த மாதிரிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடல் உப்புத் தின்று துருவேறிய ஜன்னல் கம்பி, மழை நாளில் வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து எழும் நாற்றம், செட்டியார் தெரு நகைக்கடைகளின் மாலை நேர ஊதுபத்தி, புறக்கோட்டையில் மிளகாய் மூட்டை இறக்கும்போது வரும் தும்மல் இவையும் மண்வாசனைதான். ஒப்படை கொடுக்கும் நாளில் இவற்றைச் சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்தால் இந்தக் குறையை ஆசிரியரே ஈடுசெய்துவிடலாம்.

தாளின் தரம் சுமார். மை அழுத்தி எழுதினால் பின்பக்கம் ஊறுகிறது. கருத்து எழுதும் பெட்டியில் ஒரு வரிக்கு மேல் இடமில்லை. 38 பேர் உள்ள வகுப்புக்கு 50 தாள் ஒரு தவணைக்குத்தான் வரும், பின் போட்டோ கொப்பிதான். முதல் பத்துத் தாள் திருத்தும்வரை ஒரு செயற்றிட்டத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் ஆனது. கை பழகியபின் 14 நிமிடமாகக் குறைந்தது.

மாணவரே தமக்குப் புள்ளியிட்டுக்கொள்ளும் சுயமதிப்பீட்டுப் பக்கம் ஒன்று கையேட்டின் இறுதியில் இருக்கிறது. அதை விளம்பரப்படுத்தாமல் கடைசியில் வைத்திருப்பது ஏனென்று தெரியவில்லை. இடமாற்றக் கேள்விக்கு அடுத்தபடி இதுதான் பயன்மிக்கது. என் புள்ளியைக் காட்டுவதற்கு முன் இதை நிரப்பச் சொன்னேன். தம்மைக் குறைத்து மதிப்பிட்டவர்களே அதிகம். இரட்டைக் கோடு போட்ட மாணவி தனக்கு 60 இட்டு, காரணமாக ‘படம் இல்லை’ என்று எழுதியிருந்தார்.

தமிழ்மொழி ஆசிரியர்களுக்கு, அதிலும் ஒரே தரத்தின் பல வகுப்புகளைப் பலர் பங்கிட்டுத் திருத்தும் பாடசாலைகளுக்கு, இந்தக் கோவையை நான் பரிந்துரைக்கிறேன். ஒரே பங்கீட்டில் எல்லாரும் நிற்கலாம் என்பதற்காகவும், அந்த ஒரு கேள்விக்காகவும். தனியார் வகுப்பு நடத்துவோர் கையேட்டை மட்டும் தனியே வாங்க முடியுமா என்று கடையில் கேட்டேன். முழுக் கோவையாகத்தான் விற்கிறார்கள். என் பங்குக்கு, தோற்றப் பெட்டியைத் தாளின் அடிக்கு இறக்கி, பொழுதின் நான்கு பெட்டிகளை எடுத்துவிட்டு அங்கே ஒரு வெற்றுக் கோடு மட்டும் விட்ட தாளை 40 பிரதி எடுத்து இந்தத் தவணைக்கு வைத்திருக்கிறேன். கோடு சற்று நீளமாகவே இருக்கிறது.